மெல்லக் கதைப்பதும் கேட்கவேண்டும்

ராத்தா சந்தைக்குள் வந்தால் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கல்முனைச் சந்தையில் அவருக்கு அப்படி ஒரு பேர். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குந்துவார். முதலில் ஒன்றை எடுப்பார். காம்பைப் பார்ப்பார். அதை ஓரமாக வைப்பார். பிறகு குவியல் முழுவதையும் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்குக் காட்டுவார். காதருகே வைத்து விரலால் தட்டுவார். கத்தரிக்காயைத் தட்டினால் என்ன கேட்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், முதலில் ஓரமாக வைத்ததையே எடுத்துக்கொண்டு போவார்.

மீன்காரர் ஒருவருக்குத் தினமும் அவரோடு சண்டை.

"ராத்தா, நீங்க பாத்து முடியக்குள்ள மீன் நாறிப்போகும்."

"நாறுற மீன் எண்டா முதல்லயே நாறும். வெளிச்சத்த மறைக்காம ஒதுங்குங்க."

"முதல் எடுத்ததத்தானே கடைசில எடுக்கப்போறீங்க. அத எடுத்திட்டுப் போங்களன்."

"மத்ததப் பாக்காம இதான் நல்லமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

என் கடை சந்தைக்கு எதிர்ப்பக்கம். றேடியோ, ஒலிபெருக்கிப் பெட்டி திருத்துகிற கடை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கதைப்பதும் குறைவு. மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம், அவ்வளவுதான். அவர் எனக்குச் சொந்தம் இல்லை. அவருடைய கணவரைக் காக்கா என்பேன். இரண்டு பேருடைய பெயரும் இங்கே வேண்டாம்.

ஒருமுறை றேடியோ வாங்க வந்தார். கடையில் நாலு பெட்டி இருந்தது. நான் பாட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் முள்ளைத் திருப்பி, ஒரு நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தினார். நாலு பெட்டியையும் அப்படி வைத்துக் கேட்டார். வெறும் இரைச்சலைக் கேட்டார்.

"பாட்டு எல்லாத்துலயும் நல்லாத்தான் கேக்கும் தம்பி. ஒண்டும் இல்லாத இடத்துல எந்தப் பெட்டி பேசாம இரிக்கிண்டு பாக்கணும்."

இருபது வருடம் றேடியோ திருத்துகிறேன். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

அப்போது அவருடைய மகளும் கூட வருவாள். ஒரே மகள். பதினாலு வயது. பையைச் சுமந்துகொண்டு என் கடை நிழலில் நிற்பாள். "உம்மா, காணும், போதும், வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய் என்னோடு கதைப்பாள்.

"ஆசுபத்திரில இரிந்த எல்லாப் புள்ளையையும் பிரட்டிப் பாத்திட்டுத்தான் உம்மா என்னைய எடுத்திருப்பா, மாமா."

ராத்தா அங்கிருந்தே சொல்வார். "ஓம். முதல் தந்தது உன்னையத்தான். எல்லாத்தையும் பாத்திட்டு அதையே எடுத்திட்டன்."

மகள் சிரிப்பாள். சிரித்தால் பையைக் கீழே வைத்துவிடுவாள்.

கடல் வந்த ஞாயிறு காலையும் ராத்தா மீன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பாரை மீன். மகள் அன்று வரவில்லை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வீட்டில் இருந்தாள். சனம் கத்திக்கொண்டு சந்தைக்குள் வந்தது. மேற்கே தள்ளிக்கொண்டு போனது. ராத்தாவும் அதற்குள் தள்ளுப்பட்டுப் போனார். மெயின் ரோட்டையும் கடந்து நின்றபோது கையில் மீன் இருந்ததாம்.

ஒழுங்கையில் நடந்ததை ஊர் அறியும். முதலில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து, திரும்பிப் போயிருக்கிறது. காக்காவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. வயலுக்குப் போகிற ஜீப். அதை எடுத்து, அயல் வீடுகளில் நடக்க ஏலாதவர்களையும் குழந்தைகளையும் ஏற்றினார். இடம் போதவில்லை. கூடாரத்துக் கன்வஸைக் கத்தியால் அறுத்து எறிந்தார். மகள் பின்னால் நின்று குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். "நீங்க போங்க வாப்பா, நான் அடுத்த தரம் வாறன்" என்றாள். ஜீப் மேற்கே பள்ளிக்கூடம் வரை போய்ச் சனத்தை இறக்கியது. திரும்பி வரும்போது ஒழுங்கை இல்லை.

அன்று அவர் ஏற்றியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். காக்காவைக் கண்டால் ஸலாம் சொல்வார்கள். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள்.

என் வீட்டிலும் இரண்டு பேர். அதை இங்கே எழுதவில்லை.

சந்தை மறுபடி கூடியபோது ராத்தா வந்தார். கத்தரிக்காய்க்கு முன்னால் குந்தவில்லை. நின்றபடி முன்னால் கிடந்ததை அள்ளிப் பையில் போட்டார். பார்க்கவில்லை. மீனும் அப்படித்தான். மீன்காரர் பழைய மாதிரி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ராத்தா வருவதைக் கண்டால் நல்ல மீனைத் தானே தெரிந்தெடுத்து, மேலே வைப்பார்.

"அவ பாத்தா எனக்கு லேசு" என்று என்னிடம் சொன்னார். "இப்ப அவக்கும் சேத்து நான் பாக்க வேண்டிக் கிடக்கு."

இரண்டு மாரி அப்படியே போனது.

வீடு போனதால் காக்காவின் தங்கச்சி வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். ராத்தா அங்கே பகலில் இருக்கமாட்டார். காக்காவோடு ஜீப்பில் வயலுக்குப் போய்விடுவார். எங்கள் ஊரில் பெண்கள் தினமும் அப்படி வயலுக்குப் போவதில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜீப்பைப் பற்றித்தான் சொன்னார்கள். அறுத்த கூடாரத்தைக் காக்கா திரும்பப் போடவில்லை. வெயிலும் மழையும் நேரே உள்ளே விழும். பின்பலகையைத் தூக்கிக் கொளுவுவதும் இல்லை. அது சங்கிலியில் தொங்கிக்கொண்டு தகரம் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே போகும். அதைவிட, இரண்டாவது கியரைத் தாண்டமாட்டார். கல்முனையில் இருந்து காரைதீவுச் சந்தி, அங்கிருந்து வயலுக்கு நடுவே மாவடிப்பள்ளி ரோடு, எல்லாம் இரண்டாவதில்தான். இயந்திரம் அலறும். சைக்கிள்காரன் முந்திப் போவான். கியர்ப் பெட்டி நல்லாத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னான். காசு இல்லை என்றார்கள் சிலர். மூளை கலங்கிவிட்டது என்றார்கள் சிலர்.

ஒரு காலை ராத்தா என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஓடுற வாகனத்துக்குள்ள ஆளோட ஆள் கதைக்கிற சாமான் ஒண்டு இரிக்காமே. காதுல போடுறது."

"ஹெட்செட்டா ராத்தா? ஹெலிகொப்டர்ல போடுற மாதிரி?"

"ஓம். எங்கட ஜீப்பும் அவ்வளவு சத்தம்தான் போடுது."

"நிப்பாட்டிட்டுக் கதைச்சா என்ன?"

"நிப்பாட்டினா அவர் கதைக்கிறல்ல."

பிறகு சொன்னார். காக்கா வீட்டில் ஓம், இல்லை என்ற இரண்டும்தான். ஜீப் ஓடும்போது மட்டும் வாய் அசையுதாம். காரைதீவுச் சந்தி கடந்தால் தொடங்கி, வயல் வரும்வரை அசைந்துகொண்டே இருக்குமாம். குனிந்து காதைக் கொடுத்தால் நிறுத்திவிடுவாராம்.

"மகள்ட வாப்பா என்ன செல்லுறார் எண்டு எனக்குக் கேக்கணும் தம்பி. அவர் மெல்லமாக் கதைக்கிறதும் கேக்கணும். நான் கதைக்கிறது அவருக்குக் கேக்காட்டிக் காரியமில்ல."

"இது ரெண்டு பக்கமும் கேக்கும் ராத்தா."

"ரெண்டு பக்கம் என்னத்துக்கு? நான் என்னத்தக் கதைக்க."

சில நாளில் மூன்று வகை தேடி எடுத்தேன். கத்தாரில் இருந்து வந்த ஒருவரிடம் மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டுக்குள் வைக்கிற ஒரு சோடி. வயர் இல்லாதது. கழுத்தில் பட்டி மாதிரிக் கட்டி, தொண்டையில் இருந்தே குரலை எடுக்கிற ஒரு சோடி. மூன்றாவது, சுனாமி நிவாரண வேலைக்கு வந்து திரும்பிப் போனவர்கள் விட்டுச்சென்ற பழைய சாமான். காதை முழுதாக மூடுகிற பெரிய கிண்ணம், வாய்க்கு நேரே வளைந்த மைக், நடுவில் ஒரு சின்னப் பெட்டி, கறுப்பு வயர்.

மேசையில் மூன்றையும் பரப்பினேன். முன்னால் கிடக்கிறதை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அதுதானே இப்போது அவர் வழக்கம்.

ராத்தா பெரிய கிண்ணம் உள்ளதை எடுத்தார். பஞ்சை அமுக்கிப் பார்த்தார். வயரை விரலால் உருவிப் பார்த்தார். அதை ஓரமாக வைத்தார். பிறகு மற்றதை எடுத்தார்.

 கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எதிர்ப்பக்கம் மீன்காரர் கத்தியைப் பிடித்தபடி எழுந்து நின்று பார்த்தார்.

ஒரு கிழமைக்கு மேல் வந்தார். தினமும் வயலில் இருந்து வந்த பிறகு, அஸர்த் தொழுகைக்கு முன்னால். கடை வாசலில் என் ஜெனரேட்டரை ஓடவிடச் சொல்வார். அதுதான் ஜீப். நான் அதற்குப் பக்கத்தில் நின்று கதைக்கவேண்டும். அவர் உள்ளே இருந்து கேட்பார்.

தொண்டைப் பட்டியை முதலில் விலக்கினார். "இது ஆளக் கழுத்தப் புடிக்கிற மாதிரி. மகள்ட வாப்பாக்கு வேணாம்." வயர் இல்லாததை விலக்க மனம் வரவில்லை. சின்னது, பாரமில்லை. ஆனால் யுத்த காலம், ரோட்டில் சென்ரிக்குச் சென்ரி ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற காலம். வயர் இல்லாமல் ஒருவர் காதில் ஒருவர் கதைத்துக்கொண்டு போனால், யாரோடு கதைக்கிறாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது. காற்று அடித்தால் அதன் மைக் சீறவும் செய்தது. நான் மேசை மின்விசிறியை நேரே பிடித்துக் காட்டினேன். மூன்று நாள் யோசித்து அதையும் விலக்கினார்.

பெரிய கிண்ணத்திலும் குறை இருந்தது. முக்காட்டுக்கு மேலே போட்டால் துணி இடைவெளியால் இயந்திரச் சத்தம் உள்ளே வரும். பஞ்சு தோலில் ஒட்டவேண்டும். கடையின் பின்பக்கம் ஒரு பழைய சாரத்துணியைக் கட்டி மறைப்புச் செய்து கொடுத்தேன். ராத்தா அதற்குள் போய், முக்காட்டுக்குள்ளே போட்டுக்கொண்டு வந்தார். தலை இரண்டு பக்கமும் வீங்கியதுபோல் இருந்தது.

"சிரிக்காதீங்க தம்பி."

"சிரிக்கல்ல ராத்தா."

"மனசுக்குள்ள சிரிக்கிறீங்க. போய்க் கதைங்க."

எனக்குக் கதை வராது. மைக்கை வாயில் வைத்துக்கொண்டு கடையில் உள்ள சாமான்களின் பெயரைச் சொன்னேன். ரெசிஸ்டர், கண்டென்சர், பட்டரி, வயர்.

"இதென்ன, எனக்குச் சாமான் விக்கப் பாக்கிறீங்களா? நல்லதா ஒண்டு கதைங்க. மெல்லமா."

அந்த ஹெட்செட்டைக் காதில் போட்டால் உலகம் தள்ளிப் போய்விடும். ஜெனரேட்டர் எங்கேயோ அடுத்த ஊரில் ஓடுவதுபோல் இருக்கும். சந்தை ஆட்கள் வாயைத் திறந்து மூடுவார்கள், சத்தம் இருக்காது. மாடு ஒன்று மெல்ல ரோட்டைக் கடக்கும். நம் மூச்சு மட்டும் பக்கத்தில் வந்துபோகும். கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வதுபோல் இருக்கும். அங்கே நின்று ஏதும் சொன்னால் வேறு யாரோ சொன்னதுபோல் இருக்கும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஜெனரேட்டர் அருகே நின்று, மைக்கை உதட்டில் முட்டவைத்து, என் வீட்டு இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. எனக்கே கேட்காத அளவில் சொன்னேன். நீண்ட நேரம் சொன்னேன் போல.

பத்துப் பதினைந்து அடி தள்ளி ராத்தா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் முடித்தபிறகு தலையை ஆட்டினார்.

"கேட்டிச்சி."

பிறகு அவர் தன் மைக்கை வாய்க்கு இழுத்தார். அதுவரை ஒருநாளும் இழுத்ததில்லை.

"நான் அண்டைக்குப் பாரை மீனப் பிரட்டிக்கிட்டு நிண்டன் தம்பி. முதல் எடுத்தத எடுத்திட்டுப் போயிருந்தா ஊட்ட இரிந்திருப்பன். புள்ளைய முதல் தரத்துலயே ஏத்தி விட்டிருப்பன். மகள்ட வாப்பா அதத்தான் செல்லிட்டு வாறார் எண்டு நினைக்கன். செல்லட்டும். எனக்குக் கேக்கச் செல்லட்டும்."

 "கேட்டிச்சி ராத்தா" என்றேன்.

மறுநாள் பெரிய கிண்ணத்தையே எடுத்துக்கொண்டார். முதல் நாள் முதலில் கையில் எடுத்தது.

ஓடுகிற ஜீப்பில் பார்க்காமல் சரி என்று சொல்லமுடியாது. இரைச்சல் ஏறுகிறதா, வயர் அறுகிறதா என்று பார்க்க நானும் ஒருநாள் காலை பின்னால் ஏறினேன். ஹெட்செட்டின் நடுப் பெட்டியில் மூன்றாவதாக ஒரு துவாரம் இருந்தது. அதில் என் சோதனைக் கிண்ணத்தைச் செருகிக்கொண்டேன்.

"இதக் காதுல போட்டுக்கங்க. சத்தம் குறையும்" என்றார் ராத்தா.

காக்கா போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. மைக்கை அவர் வாய்க்கு நேரே ராத்தாதான் திருப்பிவிட்டார்.

சென்ரியில் நிறுத்தினார்கள். இரண்டு சின்னப் பொடியன்கள். ஒருவன் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெட்டியைப் பார்த்தான்.

"இது என்ன?"

"கதைக்கிறது" என்றேன்.

"யாரோட?"

"புருசன் பொண்டாட்டி."

அவன் நம்பவில்லை. காக்காவின் காதில் இருந்து வாங்கித் தன் காதில் போட்டான். ராத்தாவினதைக் கேட்க வெட்கப்பட்டு, என்னுடையதை வாங்கி மற்றவனுக்குக் கொடுத்தான். என்னுடையதில் மைக் இல்லை. முதலாவது பொடியன் மைக்கில் சிங்களத்தில் என்னவோ மெல்லச் சொன்னான். மற்றவன் வெடித்துச் சிரித்தான். உள்ளே இருந்து பெரியவன் ஒருவன் அதட்டியதும் இரண்டு பேரும் திருப்பித் தந்தார்கள். "ஹரி, போ" என்றான் முதலாவது பொடியன். ஹரி என்றால் சரி. சிரிப்பு அவன் முகத்தில் இன்னும் இருந்தது.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் வயல். நெல் கதிர் தள்ளாத குடலைப் பருவம். பச்சை அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தது. கொக்குகள் எழும்பித் திரும்ப அங்கேயே இறங்கின. மாரியில் வெள்ளம் மேலால் பாய்கிற தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலே ரோடு நீண்டு, முன்னால் வெயிலில் நீர் கிடப்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் இல்லை. ஜீப் இரண்டாவதில் அலறியது, பின்பலகை தட்டியது. கிண்ணத்துக்குள் இரண்டும் தூரத்தில் கேட்டன. நாங்கள் ஓடவில்லை, வயல்தான் எங்களைக் கடந்து போகிறது என்று இருந்தது.

அப்போது காக்காவின் குரல் வந்தது. என் காதுக்குள்ளேயே வந்தது.

"மெல்லத்தான் போறன் மகள். ஓடி வா. பலக தொறந்துதான் கிடக்கு. இடமிரிக்கி. ஏறு."

கொஞ்சம் மூச்சு.

"ஏறு மகள். இடமிரிக்கி. கூடாரத்த எடுத்திட்டன். எவ்வளவு பேரும் ஏறலாம். மெல்லத்தான் போறன்."

அது மட்டும்தான். வயல் வரும்வரை அதையே சொன்னார். சத்தம் போடவில்லை, அழவில்லை. பக்கத்தில் நடந்து வருகிற ஒருவரோடு கதைப்பதுபோல் சொன்னார். நான் ராத்தாவின் முதுகைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

வயலில் காக்கா ஹெட்செட்டைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் பார்க்க வரம்பில் இறங்கிப் போனார். நாங்கள் ஜீப்பிலேயே இருந்தோம். இயந்திரம் நின்றதும் தவளைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ராத்தா."

"கேட்டிச்சி தம்பி."

 காக்கா தூரத்தில் மண்வெட்டியால் வாய்க்காலை அடைப்பது தெரிந்தது.

"என்னைய ஒண்டும் செல்லல்லயே" என்றார் ராத்தா. "ஒரு சொல்லும் செல்லல்லயே தம்பி."

திரும்பி வரும்போது தாம்போதிக்குக் கிட்ட மறுபடி தொடங்கினார். "ஓடி வா மகள். மெல்லத்தான் போறன். ஏறு."

ராத்தா மைக்கை இரண்டு விரலால் பிடித்து வாய்க்குக் கொண்டுவந்தார். அவர் மூச்சு முதலில் கேட்டது.

"மகள் ஏறிட்டா."

காக்கா நிறுத்திவிட்டார். ஜீப்பை அல்ல, கதையை.

"ஏறிட்டா. பின்னால இரிக்கா. பலகையப் போட்டாச்சி. நீங்க ஓட்டுங்க."

பின்னால் இருந்தது நான். குனிந்து சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். பலகை பாரம். துருப்பிடித்துப் போயிருந்தது. தூக்கிக் கொளுக்கியில் மாட்டினேன். தட்டுகிற சத்தம் நின்றது.

காக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் குரல் வந்தது.

"இறுக்கிப் புடிக்கச் செல்லுங்க."

"புடிச்சிட்டு இரிக்கா."

கிளச்சை மிதித்தார். கியர்க்கோல் கொஞ்சம் தடுமாறியது, இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாத கோல். பிறகு விழுந்தது. மூன்றாவது. இயந்திரம் அலறுவதை விட்டுவிட்டு முனகத் தொடங்கியது. காற்று வந்தது. நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஹெட்செட் சரியாக வேலை செய்தது. இரைச்சல் இல்லை. வயர் இழுபடவில்லை. கடையில் இறங்கும்போது ராத்தாவிடம் அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

காக்கா அதற்குப் பிறகும் பெரிதாகக் கதைக்கிற ஆளாக மாறவில்லை. சில நாள் ஜீப் மூன்றாவதில் போகும். சில நாள் இரண்டாவதில் அலறும். அலறினால், இன்றைக்கு நல்லமில்லை என்று தெரியும். பலகையை மட்டும் ஒவ்வொரு நாளும் கொளுவித்தான் போனார்.

யுத்தம் முடிந்த நாள் ரோட்டில் பட்டாசு வெடித்தது. நான் கதவைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே இருந்தேன். சில மாதத்தில் காரைதீவுச் சந்தியில் ரோட்டை மறித்துக் கிடந்த சென்ரிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனார்கள். இனி வயர் இல்லாதது போட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ராத்தா வந்தார். ஹெட்செட்டை வயரோடு சுற்றி, துணியில் பொதிந்து மேசையில் வைத்தார்.

"இனி வேணாம் தம்பி."

"பழுதாப் போச்சா?"

"இல்ல. மூணாவதுல ஓடுது. கிட்ட இரிந்தாக் காணும், கேக்குது."

"என்ன கதைக்கிறார்?"

"தண்ணி வரல்ல எண்டுறார். பக்கத்து வரம்புக்காரன ஏசுறார். சில நாளைக்கு அதையும் செல்லுவார்."

"அப்ப நீங்க?"

"ஏறிட்டாண்டு செல்லுவன்."

சொல்லிவிட்டு எழும்பி அடுத்த கடைக்குப் போனார். அது கன்வஸ், தார்ப்பாய் விற்கிற கடை. ஜீப்புக்குக் கூடாரம் தைக்கப் போகிறார்கள். ஜீப் ரோட்டோரம் நின்றது. காக்கா சுக்கானைப் பிடித்தபடி அதில் இருந்தார். இயந்திரம் நின்றிருந்தது.

கடைக்காரர் முதலில் ஒரு பச்சைக் கன்வஸை எடுத்துப் போட்டார். ராத்தா அதைத் தடவிப் பார்த்தார். ஓரமாக வைத்தார். பிறகு கடையில் இருந்த சுருள்களை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் வெயிலுக்குப் பிடித்து ஓட்டை பார்த்தார். விரலால் தட்டிக் காதைக் கொடுத்தார். கடைக்காரருக்கு வியர்த்தது. மீன்காரர் ரோட்டைக் கடந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். நல்ல சந்தோசம் முகத்தில்.

ஜீப்பில் இருந்து ஒரு குரல் வந்தது.

"இஞ்ச புள்ள. முதல் எடுத்தத எடுங்களன்."

நின்றிருந்த ஜீப்பில் இருந்து வந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கடைக்காரர் கையில் சுருளோடு அப்படியே நின்றார்.

ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

"மத்ததப் பாக்காம எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

அஸருக்குப் பாங்கு கேட்டது. நான் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.